பிக்கப் டிரக்கின் உயரம்: தூக்குவதா, தாழ்த்துவதா, காற்றில் நிறுத்துவதா?

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் அமெரிக்க பிக்கப் டிரக்கைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் சற்றுத் தூக்கலாகவும் முன்பக்கம் குனிந்தும் தெரியும். அது குறையில்லை. பின்தொட்டியில் சுமை ஏற்றினாலும் டிரெய்லர் மாட்டினாலும் பின்பக்கம் அமுங்கி வண்டி சமநிலைக்கு வரவேண்டும் என்று கணக்குப் போட்டே அப்படிக் கட்டுகிறார்கள். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 ஆகிய மூன்றிலும் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும். ஒவ்வொன்றுக்கும் ஷாக் அப்சார்பரைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங் உண்டு. பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கட்டியான ஆக்ஸில். ஃபோர்டும் செவர்லேயும் அதன்மேல் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கை வைக்கின்றன. ராம் 1500 மட்டும் 2009 மாடலிலிருந்து பின்னாலும் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. தூக்குதல், தாழ்த்துதல், காற்று சஸ்பென்ஷன் ஆகிய மூன்றும் இந்த அமைப்பில்தான் கை வைக்கின்றன.

எதைத் தேர்ந்தாலும் மாறாத எண் ஒன்று உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில், சுமையோடு சேர்த்து வண்டி எவ்வளவு எடை வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பார். தடித்த ஸ்பிரிங் போட்டாலும் காற்றுப் பை வைத்தாலும் அந்த எண் கூடாது. பிரேக், ஆக்ஸில், பேரிங், சக்கரம், டயர், சேஸிஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே அது தீர்மானிக்கப்பட்டது. பின்பக்கம் அமுங்கவில்லை என்பதால் வண்டி தாங்குகிறது என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு. கூடுதலாகப் பொருத்தும் ஒவ்வொரு பாகத்தின் எடையும் ஏற்றக்கூடிய சுமையிலிருந்தே கழிகிறது.

வண்டியைத் தூக்க மூன்று வழிகள் உண்டு; விளைவில் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது பாடி லிஃப்ட். சேஸிஸுக்கும் கேபினுக்கும் இடையே 1 முதல் 3 அங்குலக் கட்டைகளைச் செருகுவது. சஸ்பென்ஷன் அப்படியே இருக்கும். சேஸிஸும் அதே உயரத்தில் நிற்கும். பெரிய டயருக்கு மட்கார்டில் இடம் கிடைக்கும், அவ்வளவே. இரண்டாவது லெவலிங். முன்பக்கத்தை மட்டும் ஏறக்குறைய 2 அங்குலம் உயர்த்திப் பின்பக்கத்தோடு சமப்படுத்துவது. முன் ஷாக்கின் தலையில் ஒரு வளையத்தைச் செருகினால் போதும் என்பதால் செலவு குறைவு. ஆனால் அந்த வளையத்தின் கனமும் சக்கரத்தில் கிடைக்கும் உயரமும் ஒன்றல்ல. நெம்புகோல் விகிதத்தால் 1 அங்குல வளையம் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலமாகும். இதை அறியாமல் 2 அங்குல வளையம் வாங்கிப் போட்டால் பால் ஜாயிண்டும் ஆக்ஸில் மூட்டுகளும் தாங்காத கோணத்தில் நிற்கும். தவிர, லெவலிங் செய்த வண்டியில் சுமை ஏற்றும்போது பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழும். தொழிற்சாலை கொடுத்த சாய்வு எதற்காக இருந்தது என்பது அப்போதுதான் புரியும்.

மூன்றாவது முழு சஸ்பென்ஷன் லிஃப்ட். நான்கு சக்கர இயக்க டிரக்கை 4 முதல் 6 அங்குலம் தூக்குவதென்றால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி முடிக்க இயலாது. முன் டிஃபரென்ஷியலைக் கீழே இறக்க வேண்டும். கீழ்க் கைகளுக்குப் புது பிராக்கெட், சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலுக்கு உயரமான மாற்று, நீளமான பிரேக் குழாய் எல்லாம் வேண்டும். இவை முழுமையாக இல்லாத மலிவான தொகுப்பை வாங்கி மிச்சப்படும் பணம் ஆக்ஸில் மூட்டுகளை மாற்றுவதிலேயே போய்விடும்.

தூக்குவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் தரை இடைவெளி. இதில் ஒரு நுட்பம் உண்டு. கட்டியான பின் ஆக்ஸில் உள்ள டிரக்கில் தரைக்கு மிக அருகே இருப்பது டிஃபரென்ஷியல் உருண்டை. அது சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. சஸ்பென்ஷனை 6 அங்குலம் தூக்கினாலும் அது ஓர் அங்குலம்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடும் அளவில் பாதி. 31 அங்குல டயரை எடுத்துவிட்டு 35 போட்டால் கிடைப்பது 2 அங்குலம். அதனால் பாறைப் பாதையில் போகிறவர் முதலில் டயர் அளவைத் தீர்மானித்து, அந்த டயர் உரசாமல் திரும்பத் தேவையான அளவு மட்டும் தூக்குவதே முறை. உயரத்தை முதலில் முடிவு செய்து டயரைப் பிறகு தேடுவது தலைகீழ் வழி.

பெரிய டயருக்கு விலை உண்டு. 31-லிருந்து 35-க்குப் போனால் சுற்றளவு ஏறக்குறைய 13 சதவீதம் கூடும். மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 67 மைலுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், கணினியில் அளவைத் திருத்தும் வரை. கியர் விகிதம் அதே அளவுக்கு உயர்ந்துவிடுவதால் மேட்டில் எஞ்சின் திணறும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். கனமான சக்கரத்தை நிறுத்த அதே பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியம் கவிழும் அபாயம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு ஓர் எளிய அளவுகோல் வைத்திருக்கிறது: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுப்பது. சாதாரண கார்கள் பெரும்பாலும் 1.3-க்கும் 1.5-க்கும் இடையே வரும். பிக்கப், எஸ்யூவி வகைகள் 1.0-க்கும் 1.3-க்கும் இடையே. எடுத்துக்காட்டாக, 172 சென்டிமீட்டர் அகலமும் 72 சென்டிமீட்டர் மைய உயரமும் உள்ள டிரக்குக்கு அந்த எண் 1.19. மையம் 12 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 1.02 ஆகிவிடும். 2012 மாடலிலிருந்து இத்தகைய டிரக்குகளில் மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு கட்டாயம் என்றாலும், தொழிற்சாலை உயரத்துக்கு ஏற்பவே அது பழக்கப்படுத்தப்பட்டது. உயரத்தைத் தீர்மானிக்கும்போது குழந்தைகள் உட்காரும் பின்னிருக்கையையும் நினைக்க வேண்டும்.

தாழ்த்துவது கலிஃபோர்னியாவின் சொத்து என்றே சொல்லலாம். தரையோடு தரையாக ஊரும் கார்கள் அங்கே பெருகியபோது, சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது என்ற சட்டப்பிரிவு 1958-இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரான் அகிர்ரே தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, வேண்டியபோது உயர்த்தவும் வேண்டியபோது இறக்கவும் வழி கண்டார். ஓட்டும் உயரம் வேறு, நிறுத்தும் உயரம் வேறு என்ற எண்ணம் அங்கே பிறந்தது. இன்றைய காற்று சஸ்பென்ஷன் ரசிகர்கள் அதன் வாரிசுகள்.

தார்ச்சாலையை விட்டு இறங்காத டிரக்குக்குத் தாழ்த்துவது நேர்மையான பலன் தரும். மையம் இறங்குவதால் வளைவில் சாய்வு குறையும். தொட்டியின் விளிம்பு தாழ்வதால் சிமெண்ட் மூட்டையையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுவது சுலபமாகும். முன்பக்கம் 2, பின்பக்கம் 4 அங்குலம் என்பது பழகிப்போன அளவு. பின்பக்கத் தூக்கலும் அதில் சரியாகிவிடும். பின்சக்கர இயக்க டிரக்கில் முன்பக்கத்துக்குச் சிறந்த வழி ஸ்பிண்டிலை மாற்றுவது. சக்கரம் மாட்டும் முனை அதில் மேலே தள்ளி அமைந்திருப்பதால், ஸ்பிரிங்கும் அதன் அசைவு தூரமும் மாறாமல் வண்டி இறங்கும். குட்டையான ஸ்பிரிங் மலிவு. ஆனால் அசைவு தூரத்தைத் தின்றுவிடும். பின்பக்கம் 2 அங்குலம் வரை இறக்க ஷாக்கிள் என்னும் தொங்கு பட்டையை மாற்றினால் போதும். அதற்கு மேல் போனால், லீஃப் ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் ஆக்ஸிலை அதன் மேலே ஏற்றி வைக்கிறார்கள். அப்போது ஆக்ஸில் சேஸிஸில் மோதாமலிருக்க சேஸிஸை வளைவாக வெட்டி இரும்புத் தகட்டால் வலுவூட்ட வேண்டும். வெல்டிங்கில் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவதும் நெருப்பில் காட்டித் தளர்த்துவதும் ஒருபோதும் கூடாது; சூடு பட்ட ஸ்பிரிங் எஃகு உறுதியை இழந்துவிடும்.

தாழ்த்திய டிரக்கின் பலவீனம் சுமையில் வெளிப்படும். ஆக்ஸிலுக்கும் தடுப்பு ரப்பருக்கும் இடையே மிஞ்சுவது சில அங்குலம்தான். அரை டன் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் இடிக்கும். வாரம் ஒரு தடவையாவது பாரம் ஏற்றுகிறவர் 4 அங்குலம் இறக்கினால் அதோடு பின்னால் காற்றுப் பையையும் சேர்ப்பது நல்லது.

முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் ஒரு வழக்கமும் உண்டு. கரோலினா ஸ்குவாட் என்பது அதன் பெயர். பாலைவனப் பந்தய வண்டிகளின் தோற்றத்திலிருந்து வந்தது. ஓட்டுநரின் பார்வையை பானெட் மறைக்கும், முகப்பு விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். முன் மட்கார்டு பின்னதைவிட 4 அங்குலம் உயர்ந்திருந்தால் குற்றம் என்று வட கரோலினா 2021-லும், வர்ஜீனியா 2022-லும், தென் கரோலினா 2023-லும் சட்டம் செய்தன. இதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

காற்று சஸ்பென்ஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முதலாவது துணைக் காற்றுப் பை. இருக்கும் ஸ்பிரிங்கை எடுக்காமல், பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இரண்டு ரப்பர் பைகளை வைப்பது. மிச்சிகனில் 1949-இல் தொடங்கிய ஏர் லிஃப்ட், டயருக்குப் பேர்போன ஃபயர்ஸ்டோன் ஆகியவை இதில் தெரிந்த பெயர்கள். சில நூறு டாலரில் முடிந்துவிடும். பெரும்பாலான தொகுப்புகளில் 5 முதல் 100 பிஎஸ்ஐ வரை காற்று அடைக்கலாம். வெறும் வண்டியிலும் 5 குறையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் மடிந்து உரசிக் கிழியும். இடது, வலது பைகளுக்குத் தனித்தனிக் குழாய் போடுவது நல்லது. ஒரே குழாயால் இணைத்தால் வளைவில் அமுங்கும் பையிலிருந்து மறுபக்கத்துக்குக் காற்று ஓடி, வண்டி இன்னும் சாயும்.

டிரெய்லர் இழுக்கிறவர்கள் இந்தப் பைகளிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள். 3,000 கிலோ டிரெய்லரின் நாக்கு எடை வழக்கமாக அதில் 10 முதல் 15 சதவீதம். 400 கிலோ என்று வைப்போம். கொக்கி பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரு ஆக்ஸில்களுக்கும் இடையே 3.7 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி முன் ஆக்ஸிலிலிருந்து ஏறக்குறைய 130 கிலோ தூக்கப்படும். பின் ஆக்ஸிலில் 530 கிலோ ஏறும். ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். பையில் காற்றடைத்தால் பின்பக்கம் உயர்ந்து வண்டி மட்டமாகத் தெரியும். ஆனால் அந்த 130 கிலோ முன்சக்கரத்துக்குத் திரும்பாது. அதைத் திருப்பித் தருவது எடையைப் பகிரும் கொக்கி ஒன்றே. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள எடை மேடையில் ஒவ்வொரு ஆக்ஸிலின் எடையையும் தனியாக அச்சிட்டுத் தருவார்கள். பை வாங்கும் முன் அங்கே ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பது அந்தப் பணத்துக்குத் தகும்.

இரண்டாவது முழுக் காற்று சஸ்பென்ஷன். ஸ்பிரிங் அனைத்தையும் நீக்கி, பை, கம்ப்ரசர், காற்றுத் தொட்டி, வால்வு, கட்டுப்பாட்டுப் பெட்டி என்று வைப்பது. ராம் 1500-இல் 2013 மாடலிலிருந்து இது தொழிற்சாலைத் தேர்வாகவே கிடைத்தது. நெடுஞ்சாலையில் காற்றெதிர்ப்பைக் குறைக்க இறங்கும், கரடுமுரடான பாதையில் ஏறும், ஆள் ஏறி இறங்கத் தாழும். வெளியில் பொருத்துவதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். தூக்குதல், தாழ்த்துதல் இரண்டின் பலனையும் ஒன்றில் தருவது இது மட்டுமே என்பது உண்மை. பராமரிப்பைக் கேட்பதும் இதுதான். காற்றிலுள்ள ஈரம் தொட்டியில் நீராகத் தேங்கும். பனிக்காலத்தில் வால்வில் உறையும். உலர்த்தியைக் காலத்தில் மாற்றி, தொட்டி நீரை வடித்தாக வேண்டும். சிறு கசிவு இருந்தாலும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடித் தேய்ந்துபோகும். ஸ்பிரிங் உடைந்த வண்டியை ஊர்ந்தாவது வீடு சேர்க்கலாம். காற்று முழுதும் போன வண்டி தடுப்பு ரப்பரில் படுத்துவிடும். கடைகள் தொலைவாக உள்ள மொன்டானா போன்ற இடங்களில் வேலைக்கு ஓடும் டிரக்குக்கு இது பொருந்தாது.

ஆக, பாரமும் டிரெய்லருமே வேலையாக உள்ளவருக்கு உயரத்தைத் தொடாமல் துணைக் காற்றுப் பை சேர்ப்பதே சிறந்தது. காட்டுப் பாதைக்குப் போகிறவருக்கு 33 அங்குல டயரும் அதற்கேற்ற 2, 3 அங்குலத் தூக்கலும் பெரும்பாலும் போதும். 6 அங்குலம் என்பது தோற்றத்துக்காக எடுக்கும் முடிவு. அதை அப்படித் தெரிந்தே எடுக்க வேண்டும். நகரத்தை விட்டு வெளியே போகாத, கனம் ஏற்றாத டிரக்கைத் தாழ்த்தலாம். முழுக் காற்று, பராமரிப்பில் ஆர்வமுள்ளவருக்கு.

உத்தரவாதம் போய்விடும் என்ற பயம் பாதி உண்மை. 1975-இல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பாகம் பொருத்தியதை மட்டும் காரணம் காட்டி முழு உத்தரவாதத்தையும் மறுக்க இயலாது. அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டியாக வேண்டும். ஆனால் 6 அங்குலம் தூக்கிய வண்டியில் ஆக்ஸில் மூட்டு போனால் அதைக் காட்டுவது கடினமில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பம்பர் உயரமும் விளக்கு உயரமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், வாங்கும் முன்பே அந்தந்த மாநில விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட், முகப்பு விளக்கின் சாய்வு, தானாக பிரேக் பிடிக்கும் கேமரா, ரேடாரின் அளவீடு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். 500 மைல் ஓடியதும் போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பார்ப்பதோடு வேலை நிறைவடைகிறது.