தன்னை ஆராய்தலும் அறத்துணிவும்

ஆசிரியர்காள்! மாணாக்கருக்கு நீதி போதிக்கும் நாம், அந்நீதிக்கு இடையூறு நேருங்கால் அஞ்சாது நிற்கின்றோமா? அறத்தை அறியாது பிழைப்பாரினும், அறிந்தும் அச்சத்தாற் பிழைப்பாரே பலர். அச்சம் தன் பெயரோடு வருவதில்லை. விவேகம், பொறுமை, காலமறிதல் என்னும் வேடங்களைப் பூண்டு வரும். அவ்வேடத்தைக் களைந்து காட்டுவது தன்னைத்தான் ஆராய்தலேயாம்.

இதற்குக் கிரேக்க தேசத்து ஞானியாகிய சோக்கிரதீசர் சரித்திரம் சான்றாகும். அவர் ஏதென்சு நகரிலே, தம்மையும் பிறரையும் வினாவி ஆராய்தலையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். கி. மு. 406 இல், அர்கினூசைக் கடற்போரில் வென்ற படைத்தலைவர்கள், புயலிலே தத்தளித்த தம் வீரரைக் காத்திலர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டனர். அவர்களைத் தனித்தனி விசாரியாது, ஒரே வாக்கெடுப்பினால் ஒருங்கே தீர்ப்பிடுக எனச் சனங்கள் ஆரவாரித்தனர். அது சட்டத்துக்கு மாறு. சபை நடத்தும் குழுவினர் ஏனையோர் அஞ்சி இணங்கவும், சோக்கிரதீசர் ஒருவரே இணங்காது நின்றார்.

பின்னர், கி. மு. 404 இல், முப்பதின்மர் கொடுங்கோலாட்சி உண்டாயிற்று. அவர்கள் சோக்கிரதீசரையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிஸ் தீவிலுள்ள லியோன் என்பவனைக் கொலைசெய்தற்குப் பிடித்து வருமாறு ஏவினர். நால்வரும் சென்றனர், அவரோ தம் வீட்டுக்குத் திரும்பினார்.

முன்னது சனங்களின் கோபம்; பின்னது கொடுங்கோலரின் ஆணை. இரண்டிடத்தும் அவர் தம்முள் எழுப்பிய வினா ஒன்றே: "இது நீதியோ, அநீதியோ?" நாடோறும் அவ்வினாவிற் பழகிய நெஞ்சு, ஆபத்து வந்தபோது புதிதாக விடை தேடவேண்டியதில்லை. அவர் மறுத்தும், படைத்தலைவருள் அறுவர் கொல்லப்பட்டனர், லியோனும் தப்பினானல்லன். ஆதலால், அறத்துணிவை வெற்றியால் அளத்தல் பொருந்தாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. செயலில் முடியாத ஆராய்ச்சி அச்சத்துக்குப் பின்னுமோர் ஒளிப்பிடமாய்விடும். ஆதலால், இரவிலே மூன்று வினாக்களைத் தம்முட் கேட்டல் நன்று. இன்று சொல்லவேண்டியதைச் சொல்லாது விட்டேனா? விட்டதற்கு மெய்க்காரணம் யாது? நாளை அதற்கு யாது செய்வேன்?

செல்வர் மகன் செய்த குற்றத்துக்கு ஏழைச் சிறுவன் அடிபடுதலைக் கண்டும் வாளா இருந்தோமாயின், மறுநாளே அதைத் திருத்துக. கரும்பலகையில் நாம் எழுதிய பிழையை மாணாக்கன் ஒருவன் காட்டினால், "நீ சொன்னதே சரி, நான் பிழைத்தேன்" என்று வகுப்பறிய ஒப்புக்கொள்க. சிறியதில் இவ்வாறு நில்லாதவர் பெரியதில் நிற்றல் அரிது. துணிவைப் பற்றிய நூறு பாடத்தினும், அவ்வொரு சொல்லே பிள்ளைகள் மனத்தில் நிலைத்து நிற்கும்.