மலைக்கணக்கைச் செயலியில் ஏற்றப் போகிறவளுக்கு

தாயி, போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை ஒன்றின் கணினிப் பொறுப்பு உன் கைக்கு வந்திருக்கிறது. ஸ்டோர் எடை, ஆள் கூலி, முன்பணம், ஏலத்துக்குப் போன லாட் என்று நாலு நோட்டில் கிடக்கும் கணக்கை ஒரே செயலிக்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நிரல் அதிகம் எழுதாமலே செயலி செய்ய உதவும் லோ-கோடு தளங்களில் எதை எடுக்கலாம் என்று கேட்கிறாய். பேரேட்டுக் காலத்திலிருந்து இந்தக் கடைவீதியில் கணக்குப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேள்.

1. தளங்களைப் பார்க்கும் முன் மலையைப் பார். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் காய் உலர்த்தும் ஒரு ஸ்டோரில் ஒரு நாள் முழுக்க உட்கார். சாயங்காலம் பெண்கள் பச்சைக்காயைச் சாக்கில் கொண்டுவந்து தராசில் வைப்பார்கள். கங்காணி ஈரக்கையோடு பெயரையும் கிலோவையும் எழுதுவார். மழை பெய்துகொண்டிருக்கும். கீழே இறங்க வேண்டிய ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கையில் பன்னிரண்டு கட்டம் உள்ள படிவத்தை நீட்டுவாயா? பெயரைத் தொட்டு எடுக்க ஒரு பட்டியல், எடையைப் பெரிய எழுத்தில் அடிக்க ஓர் இடம், அவ்வளவுதான் அவருக்கு நேரம். அவருடைய சாதாரண போனில் இது வேகமாகத் திறக்காத தளம் உனக்கு வேண்டாம்.

2. தோட்டத்துக்குள் சிக்னல் வரும், போகும். ஆப்ஷீட், ஜோஹோ கிரியேட்டர் போன்றவற்றின் போன் செயலிகள் இணையம் இல்லாதபோதும் பதிந்து வைத்து, பிறகு அனுப்பும். அந்த வார்த்தையோடு நின்றுவிடாதே. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு நாள் எடையைப் பதி. அதே பதிவை இன்னொரு போனிலும் திருத்து. இணையம் வந்ததும் எது நிற்கிறது, எது அழிகிறது என்று பார். விற்க வருபவர் சொல்வதைக் குறித்துக்கொள். நம்புவதை மலையில் வைத்துக்கொள்.

3. மலை ஏறுகிறவள் இறங்கும் வழியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கூகுள் 2016-இல் ஆப் மேக்கர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் மூடிவிட்டது. அமேசான் 2020-இல் திறந்த ஹனிகோடு 2024 பிப்ரவரியில் நின்றது. இத்தனை பெரிய நிறுவனங்களே இப்படி. ஆகவே முதல் நாளே சோதனைக்குக் கொஞ்சம் தரவு போட்டு, முழுவதையும் வெளியே எடுத்துப் பார். எந்த எடை எந்த ஆளுடையது என்ற தொடர்பு அறுபடாமல் வருகிறதா? தரவு வந்தாலும் நீ கட்டிய படிவமும் விதியும் கூட வராது. கிரியேட்டரில் டெலூஜ் மொழியில் எழுதியது வேறெங்கும் ஓடாது. அதற்காக அதை ஒதுக்கச் சொல்லவில்லை. 2006-இலிருந்து நடக்கிற தளம் அது. அதன் நிறுவனத்துக்குத் தென்காசி அருகே மத்தளம்பாறையிலேயே அலுவலகம் இருக்கிறது. ஆனால் நம்மூர்ப் பாசம் வேறு, முதலாளியின் கணக்கு வேறு. ஆப்ஸ்மித் போன்ற திறந்த மூலத் தளத்தைச் சொந்த சர்வரில் வைக்கலாம்; ராத்திரி அது படுத்துவிட்டால் எழுப்ப வேண்டியவள் நீதான். அந்தப் பொறுப்பைச் சுமக்க முடியுமா என்று உன்னையே கேட்டு, உண்மையான பதிலை முதலாளிக்குச் சொல்.

4. தலைக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கும் தளங்களே அதிகம். காய் எடுப்புக் காலத்தில் ஆள் கூடும், செலவும் கூடும். மிச்சம் பிடிக்க எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்த கடை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் எடை தவறியது. யார் பதிந்தது என்று செயலியால் சொல்ல முடியவில்லை. பழி, எதிர்த்துப் பேசத் தெரியாத பையன் மேல் விழுந்தது. ஆளுக்கு ஒரு நுழைவு கட்டுப்படியாகாத தளம் மலிவான தளம் அல்ல.

5. பேரேட்டில் தப்பான தொகையை அழிக்க விடமாட்டார்கள் எங்கள் பெரியவர்கள். பழைய எண் தெரியும்படி ஒற்றைக்கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம். உன் தளமும் அப்படி இருக்கட்டும்: யார், எப்போது, எதை, என்னவாக மாற்றினார் என்பது நிற்க வேண்டும். அந்த எண் ஒரு பெண்ணின் கூலி, தாயி. அவள் பெயர் தமிழில் சரியாகத் தெரிகிறதா, தேடினால் கிடைக்கிறதா என்றும் பார். தோட்டங்களில் இப்போது வடமாநிலத்து ஆட்களும் வேலை செய்கிறார்கள். அவர்கள் பெயரும் சிதையக் கூடாது.

6. நாலைந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். இதை ஒரு சூத்திரமாகப் போட்டு, காய்ந்த எடையைச் செயலியே கணக்கிடட்டும் என்று தோன்றும். போடாதே. மழைக்கும் பருவத்துக்கும் அது மாறும். இரண்டு எடையையும் தனித்தனியே பதிய வை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள்.

7. ஏற்கெனவே இருப்பதைத் திரும்பக் கட்டாதே. ஏலம் நறுமணப் பொருள் வாரியத்தின் மையங்களில் நடக்கிறது. 2021-இலிருந்து போடியும் புற்றடியும் ஒரே மின்னணு ஏலமாக இணைந்திருக்கின்றன. மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஈ-வே பில் அரசுத் தளத்தில். வரவு செலவுக்கு டேலி. இவற்றுக்கு இடையில் விடுபட்டுக் கிடப்பதுதான் உன் வேலை.

8. கடையிலேயே இன்னொருவருக்குச் சொல்லிக் கொடு. சென்னையில் நல்ல வேலை வந்து நீ போக நேர்ந்தால் கடை உன் போன் எண்ணைத் தேடித் தவிக்கக் கூடாது. தளத்தில் திறக்கும் கணக்கின் உரிமையாளராக முதலாளியின் மின்னஞ்சலே இருக்கட்டும், உன்னுடையது வேண்டாம்.

9. ஒரே ஒரு படிவத்தோடு தொடங்கு, எடைப் படிவம் போதும். ஒரு சுற்றுக் காய் எடுப்பு முடியும்வரை நோட்டும் ஓடட்டும், செயலியும் ஓடட்டும். இரண்டு கூட்டலும் ஒத்துவந்த பிறகு ஆண்டுச் சந்தாவுக்குக் கையெழுத்து வாங்கு.