சிறுநீரகக் கல்லும் குளிர் ஜுரமும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலிலும் வாழைத் தோட்டத்திலும் பாடுபடும் அங்கத்தினர்களும், சக்கம்பட்டியில் தறியை விட்டெழாது நெய்யும் அங்கத்தினர்களும் ஒரு விஷயத்தில் ஒத்தவர்கள். சிந்தும் வேர்வை மிகுதி. பருகும் நீர் குறைவு. இதனால் சிறுநீர் செறிந்து, அதிலுள்ள உப்புகள் கல்லாகப் படிகின்றன.

கல் மட்டுமாயின் வலியோடு நிற்கலாம். அது சிறுநீர்க் குழாயை அடைத்து, தேங்கிய நீரில் கிருமிகள் பெருகினால் உயிருக்கே ஆபத்து. அடைபட்ட வாய்க்காலின் நீர் கரையை மீறும்; அடைபட்ட சிறுநீரகத்தின் நஞ்சோ இரத்தத்தில் கலக்கும். ஆகவே விலாவலியுடன் குளிர் ஜுரம் கண்டால் அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். வாழைத்தண்டுச் சாறு இவ்வடைப்பை நீக்காது. கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108க்குத் தெரிவித்தால் வண்டி வரும்.

அங்கு வைத்தியர் உடனே கல்லை உடைக்க மாட்டார். உடைக்கும்போது உட்செலுத்தும் நீரின் அழுத்தம் கிருமிகளை இரத்தத்தில் தள்ளிவிடும். எனவே முதலில் கிருமிநாசினி மருந்து கொடுத்து, சிறுநீர்ப் பாதை வழியாகவோ முதுகு வழியாகவோ மெல்லிய குழாய் வைத்துத் தேக்கத்தை வடிப்பார். ஜுரம் தணிந்து, கிருமி அடங்கிய பின்னரே கல்லுக்குச் சிகிச்சை.

முன்னாளில் விலாவை நீளக் கீறியே கல் எடுத்தனர். 1976இல் சுவீடன் நாட்டு வைத்தியர்கள் பெர்ன்ஸ்ட்ரோமும் ஜோஹான்சனும் முதுகில் இட்ட சிறு துளை வழியே கல்லை எடுத்த முறையை வெளியிட்டனர். இன்று சுமார் 1 செ.மீ. துளையில் கருவியைச் செலுத்தி, கல்லை உடைத்து அகற்றுகின்றனர். சிறிய கற்களைத் துளையே இன்றி, சிறுநீர்ப் பாதை வழியே லேசர் ஒளியால் பொடியாக்குவதும் உண்டு. கிருமியால் விளைந்த கல்லில் சிறு துணுக்கு எஞ்சினும் அதற்குள் கிருமி தங்கும். கல் மீண்டும் வளரும். ஆதலால் முழுவதும் எடுத்தல் அவசியம்.

இன்னொன்று மிக முக்கியம். உள்ளே வைத்த குழாய் நிரந்தரமானதன்று. வலி நின்றதென்று அதனை மறந்தவர்க்குக் குழாயின் மீதே கல் படிந்து, சிறுநீரகம் பழுதாவதும் உண்டு. வீடு திரும்புமுன், குழாயை எடுக்கவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்குக. அறுவடையாயினும், பாவு தறியில் இருப்பினும், அத்தேதி தவறலாகாது.

வராமற் காக்கவும் வழியுண்டு. சிறுநீர் வெளிர் நிறமாகக் கழியுமளவு நாள் முழுதும் நீர் பருகுக. இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உடையவர் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்டறிக. தோட்டத்திற்குச் செல்கையிலும் தறியருகிலும் ஒரு செம்பு நீர் இருக்கட்டும்.