பாட்டு வருது, பாடகர் குரல் எங்கே? – இயர்போன் பழுது பார்ப்போம்



"இயர்போன் போயிடுச்சுடா" என்று சொல்லாத ஆள் நம் வகுப்பில் யாருமே கிடையாது. ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் உடனே தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டில் புதுசுக்குக் காசு கேட்கிறோம். ரமணாசிரமம் பக்கத்தில், செங்கம் ரோட்டில் என் மாமா செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். பௌர்ணமிக்கு மறுநாள் இயர்போன் கேஸ் நிறைய வரும். 14 கிலோமீட்டர் கிரிவலம், போன் சட்டைப் பையில், ஒவ்வொரு அடிக்கும் வயர் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நிமிரும். அறுந்து போகாமல் என்ன செய்யும்?

வருகிறவர்கள் எல்லோரும் "போயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். மாமா திருப்பிக் கேட்பார்: "என்ன கேக்குது? என்ன கேக்கல?" அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். எந்த வயர் அறுந்தது என்பதை இயர்போனின் சத்தமே சொல்லிவிடும். அது எப்படி என்று பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

காதில் வைக்கும் பகுதிக்குள் ஒரு குட்டி ஒலிபெருக்கி இருக்கிறது. ஒரு காந்தம், மெல்லிய கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய தகடு, அவ்வளவுதான். சுருளில் மின்னோட்டம் மாற மாற அது காந்தத்தின் அருகே முன்னும் பின்னும் ஆடும். தகடும் சேர்ந்து ஆடும். காற்று அதிரும், நமக்குப் பாட்டு கேட்கும்.

இப்போது பின்னைப் பாருங்கள். அதன் தடிமன் 3.5 மில்லிமீட்டர். கறுப்பு வளையங்கள் அதைப் பிரித்திருக்கும். மைக் இல்லாத இயர்போன் என்றால் மூன்று பகுதிகள்: நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான 'கிரவுண்ட்'. மைக் உள்ளதில் நான்கு பகுதிகள். இப்போது வரும் பெரும்பாலான போன்களின் முறைப்படி மூன்றாவது கிரவுண்ட், கடைசி மைக்.

உங்களுக்குத் தெரியுமா? இந்தப் பின்னின் தாத்தா 19ஆம் நூற்றாண்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பிறந்தவர்! ஆபரேட்டர்கள் ஒரு லைனை இன்னொரு லைனோடு இணைக்கச் செருகிய கால் அங்குலப் பின்தான் அது. அதுவே சிறுத்து 3.5 மில்லிமீட்டர் ஆனது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தபின் இது உலகம் முழுக்கப் பரவியது.

சத்தம் சொல்லும் ஐந்து சேதிகள்

1. ஒரு பக்கம் சுத்தமாக இல்லை: அந்தக் காதுக்குப் போகும் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

2. இரண்டு பக்கமும் இல்லை: முதலில் போனைச் சந்தேகப்படுங்கள். வேறு இயர்போன் போட்டுப் பாருங்கள்.

3. வயரை அசைத்தால் வருது, விட்டால் போகுது: உள்ளே இழைகள் பாதி அறுந்து, தொட்டும் தொடாமலும் இருக்கின்றன.

4. ஒரு பக்கம் சத்தம் மட்டும் குறைவு: பெரும்பாலும் வயர் காரணம் இல்லை. வலையில் காது அழுக்கு அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டுங்கள். தண்ணீர் கூடாது.

5. இசை வருது, பாடகர் குரல் காணோம்: இதுதான் எல்லோரையும் குழப்புவது. "பேய் புகுந்துடுச்சு" என்று எங்கள் தெருப் பையன் ஒருவன் சொன்னான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பொதுவான கிரவுண்ட் வயர் அறுந்துவிட்டது.

குரல் எங்கே போனது?

கிரவுண்ட் நன்றாக இருக்கும்போது, இடது மின்னோட்டம் இடது காது வழியாகப் போய் கிரவுண்டில் திரும்பும். வலதும் அப்படியே. கிரவுண்ட் அறுந்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அப்போது இரண்டு ஒலிபெருக்கிகளும் தொடர் இணைப்பு ஆகிவிடும். ஒரு முனை இடது, மறு முனை வலது.

மின்னழுத்த வேறுபாடு இல்லை என்றால் மின்னோட்டம் இல்லை என்று படித்திருக்கிறோம் அல்லவா? ஒரே மட்டத்தில் தண்ணீர் உள்ள இரண்டு தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் தண்ணீர் நகராது. அதுபோல, பாடகர் குரலை இடதிலும் வலதிலும் சரிசமமாகப் பதிவு செய்வது வழக்கம். அதனால் குரலுக்கு இரு முனையிலும் வேறுபாடு பூஜ்யம், அது கேட்காது. ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் பதிவான வயலின், கிடார், எதிரொலி மட்டும் கேட்கும்.

இதைச் சோதிக்க ஒரு வழி: மோனோவில் பதிவான பழைய கறுப்பு வெள்ளைப் படப் பாட்டைப் போடுங்கள். அதில் இரண்டு பக்கமும் ஒன்றேதான். கிரவுண்ட் போயிருந்தால் முழுப் பாட்டும் காணாமல் போகும், அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பின் முழுசாக உள்ளே போகாவிட்டாலும் இதே மாதிரி ஆகும். மைக் பட்டனை அமுக்கிப் பிடித்தால் குரல் திரும்பி வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்காது. அந்தப் பின் உங்கள் போனுக்குப் பொருந்தாத பழைய வகை.

வெட்டுவதற்கு முன் நான்கு சோதனை

ஒன்று: போனை ஆஃப் செய்து, ஜாக் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். பையில் இருக்கும் பஞ்சு உள்ளே போய் அடைத்திருக்கும். மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம்.

இரண்டு: போன் செட்டிங்கில் இடது வலது பேலன்ஸ் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா பாருங்கள்.

மூன்று: பாட்டு ஓடும்போது பின்னின் கழுத்தை மெதுவாக வளையுங்கள். பிறகு வயர் இரண்டாகப் பிரியும் இடம், பிறகு காதுப் பகுதிக்குள் நுழையும் இடம். சத்தம் எங்கே வந்து வந்து போகிறதோ அங்கேதான் நோய். கடைக்கு வருவதில் பின் கழுத்துதான் அதிகம்.

நான்கு: மல்டிமீட்டரை 200 ஓம்ஸில் வைத்து, கிரவுண்டையும் நுனியையும் தொடுங்கள். பிறகு கிரவுண்டையும் வளையத்தையும் தொடுங்கள். சாதாரண இயர்போனில் 16 அல்லது 32 ஓம் அளவில் காட்டும். இடது புறத்தில் வெறும் '1' என்று நின்றால் அந்தச் சுற்று அறுந்திருக்கிறது. மீட்டர் இல்லையா? சுவர்க் கடிகாரத்தின் 1.5 வோல்ட் பேட்டரி போதும். இரண்டு துண்டு வயரால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டப்" என்று கேட்டால் சுற்று சரி. அப்போது இயர்போன் காதில் இருக்கக் கூடாது. 9 வோல்ட் பேட்டரி ஆகவே ஆகாது, சுருள் கருகிவிடும்.

பின் மாற்றும் முறை

சால்டரிங் அயர்ன் சூடு விளையாட்டல்ல. பெரியவர்களோ ஆசிரியரோ அருகில் இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

1. மைக் உள்ளதற்கு நான்கு பகுதிப் பின், இல்லாததற்கு மூன்று பகுதிப் பின் வாங்குங்கள்.

2. அறுந்த இடத்துக்கு 2 சென்டிமீட்டர் தாண்டி வெட்டுங்கள். புதுப் பின்னின் மூடியை இப்போதே வயரில் கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு நுழைக்க முடியாது.

3. மேல் உறையை உரித்தால் தலைமுடி மாதிரி கம்பிகளும் ஒரு நூலும் தெரியும். நூல் வலுவுக்காக வைத்தது. வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் அடுத்த வேலை முடிந்ததும் பேட்டரியால் "டப்" சோதனை செய்து உறுதி செய்யுங்கள்.

4. முக்கியமான ரகசியம்: அந்த நிறம் பெயின்ட் அல்ல, மின்சாரம் கடத்தாத வார்னிஷ். அது போகாமல் பற்றவைத்தால் ஈயம் பிடிக்காது. அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயம் எடுத்து, கம்பி முனையை அதில் சில நொடிகள் வையுங்கள். வார்னிஷ் எரிந்து, முனை வெள்ளியாகப் பளபளக்கும். லைட்டரால் சுட்டால் கம்பியே எரிந்துபோகும்.

5. 63/37 ஈயக் கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தந்த இடத்தில் ஒரு சொட்டு வைத்தால் போதும். நீண்ட நேரம் சூடு காட்டினால் பின்னின் பிளாஸ்டிக் இளகி, பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

6. மூடுவதற்கு முன் பாட்டுப் போட்டுப் பாருங்கள். வயரில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு மூடியைத் திருகுங்கள். இழுத்தால் முடிச்சு தாங்கும், பற்றவைத்த இடம் தப்பிக்கும்.

காதுப் பகுதியைத் திறந்து சோதித்தும் சுருளே அறுந்திருந்தால் விட்டுவிடுங்கள். டைப்-சி பின் உள்ளதில் சிப் இருக்கும், புளூடூத்தில் பேட்டரி இருக்கும். அவை நம் வேலை அல்ல.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

காசு மட்டும் காரணம் இல்லை. ஒரு பக்கம் கேட்காதபோது நாம் என்ன செய்கிறோம்? மற்றப் பக்கத்தின் சத்தத்தைக் கூட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும். காதின் உள்ளே உள்ள மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. இயர்போன் வயரைப் பற்றவைக்கலாம், காது நரம்பைப் பற்றவைக்க எந்தக் கடையும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. 1896இல் 16 வயதில் நம் ஊருக்கு வந்தவர் ரமண மகரிஷி. கிழிந்த கோவணத்தை, முள்ளை ஊசியாக்கி, அதே துணியில் நூல் உருவி அவர் தைத்துக்கொண்டார் என்று அவர் வரலாற்றில் படிக்கிறோம். பழைய புத்தகங்களைத் தாமே பைண்டிங் செய்வாராம். அந்த ஊர்ப் பிள்ளைகள் நாம். ஒரு வயர் அறுந்ததற்குக் குப்பைத் தொட்டியைத் தேடலாமா?

கடைசியாக மூன்று வேண்டுகோள்: வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பின்னைப் பிடித்து எடுங்கள். போனைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றாதீர்கள், நான்கு விரல் அகலத்தில் தளர்வாகச் சுற்றுங்கள். செங்கம் ரோட்டைக் கடக்கும்போது இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிடுங்கள், பஸ் ஹாரன் கேட்க வேண்டும்.

வீட்டில் 'போன' இயர்போன் இருந்தால் எறியாமல் எடுத்து வாருங்கள். என்ன கேக்குது, என்ன கேக்கல என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். சேர்ந்து பார்ப்போம்.



– 10ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்