பைக் வாங்கித் தரலாமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்த நேரம். பல வருஷமாக எனக்குப் பழக்கமான ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு மூட்டு வலி, அம்மாவுக்கு வாயுத் தொல்லை. மருந்தெல்லாம் எழுதிக் கொடுத்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாதான் ஆரம்பித்தார்.

"டாக்டர், பையன் காலேஜ்ல ரெண்டாம் வருஷம். பைக் வேணும்னு ஒரு மாசமா வீட்டுல சண்டை. இவரு வாங்கிக் குடுத்துடலாம்கறாரு. எனக்கு நினைச்சாலே வயித்தைக் கலக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

மூட்டு வலிக்குத் தைலம் கொடுக்கிறவரிடம் பைக் யோசனையா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து முப்பது வருஷமாகிறது. பைக்கிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரி வாசம் முடிந்து, மடங்காத முழங்காலோடும் தூக்க முடியாத தோளோடும் ஒற்றடத்துக்கும் தைலத்துக்கும் வருகிற வாலிபப் பிள்ளைகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதுசில்லை.

சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை என்று ஒரு சரக்கு உண்டு. அதன் பால் தோலில் பட்டாலே கொப்பளித்துப் புண்ணாகிவிடும். அதையே முறைப்படி சுத்தி செய்து, அளவறிந்து, பத்தியத்தோடு கொடுத்தால் மருந்து. யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதனோடு என்ற நாலு கேள்விக்கும் பதில் தெரியாமல் அதை நாங்கள் கையில் எடுக்க மாட்டோம். பைக்கையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். நச்சு இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நச்சு? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் வருஷக் கணக்கைப் பாருங்கள். அந்த ஒரே வருஷத்தில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அதாவது நூற்றுக்கு 44 பேருக்கும் மேல். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்குத்தான்! அமெரிக்காவில் இன்னொரு விதமாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒரே தூரம் பயணம் செய்தால் காரில் போகிறவரைவிட மோட்டார் சைக்கிளில் போகிறவர் சாகும் வாய்ப்பு 2022-ல் ஏறக்குறைய 22 மடங்கு. அவர்கள் சாலை வேறு, நம் சாலை வேறு. இருந்தாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறதல்லவா?

இதைச் சொன்னதும் அந்த அம்மா கணவரைப் பார்த்து, "நான் சொல்லலை?" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இதெல்லாம் சராசரி. காலையில் 35 கிலோமீட்டர் வேகத்தில் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவரையும், ராத்திரி பதினோரு மணிக்கு மூன்று பேராக 90-ல் பறக்கிறவர்களையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண். உங்கள் பையனுக்கு உரிய எண் இதைவிடக் கூடவும் இருக்கலாம், ரொம்பக் குறையவும் செய்யலாம். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் என்னென்ன என்று பார்ப்பதுதான் நம் வேலை.

முதலில் வேகம். ஓடும் வண்டி எதிலாவது மோதி நிற்கும்போது உடம்பு வாங்குகிற அடியை, உயரத்திலிருந்து விழுவதோடு ஒப்பிடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் 20 அடி, இரண்டு மாடி உயரம். 60 என்றால் 46 அடி, நாலு மாடிக்கும் மேலே. 80 என்றால் 82 அடி, எட்டு மாடி! வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பிள்ளை உட்கார்ந்தாலே பதறுகிறோம். ஸ்பீடாமீட்டரில் எட்டு மாடி ஓடுவது நமக்கு உறைப்பதில்லை. 60-ல் போகும்போது 'ஐயோ' என்று மூளை உணர்ந்து கை பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆனால்கூட, அதற்குள் வண்டி 17 மீட்டர் போயிருக்கும். ஒரு முழு பஸ்ஸின் நீளத்தைத் தாண்டிய பிறகுதான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கிறது.

அடுத்தது தலை. எங்கள் வர்ம நூல்கள் உடம்பில் 108 வர்மங்களைச் சொல்கின்றன. அதில் 25, தலையிலிருந்து கழுத்துக்குள்ளேயே அடக்கம். ஒரு சாண் உயரத்துக்குள் இத்தனை உயிர்நிலை இருப்பதாகப் பெரியவர்கள் சும்மா எண்ணி வைக்கவில்லை. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்தவர்களுக்கு அதன் முதல் காட்சி நினைவிருக்கும். நிஜ லாரன்ஸும் அப்படித்தான் போனார். 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் ஒதுங்கப் பார்த்து மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி, ஆறாவது நாள் மரணம். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் அதோடு விட்டுவிடவில்லை. மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களையே ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று 1941-ல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இன்றைக்குப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இது: விபத்தில் சாகும் அபாயத்தை ஹெல்மெட் 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. இவ்வளவு வேலை செய்கிற மருந்து என் அலமாரியில் ஒன்றுகூட இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

"முடி கொட்டுது சார்" என்பார்கள். தினமும் கேட்கிற புகார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் முடியைக் கெடுப்பது உள்ளே தேங்குகிற வியர்வையும், மாசக்கணக்கில் துவைக்காத அந்த உள்துணியும், அதில் வளர்கிற பொடுகும். ஈரத் தலையோடு ஹெல்மெட் போடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு அதன்மேல் போடுங்கள், துணியைத் தினமும் துவைத்துவிடலாம். கழற்ற முடிகிற உள்துணியை வாரம் ஒரு தடவை அலசிக் காய வையுங்கள். பொடுகு இருந்தால் வாரம் இரண்டு நாள் பொடுதலைத் தைலம் தேய்த்து ஊறவைத்து, சீயக்காயோ அரப்போ போட்டுக் குளியுங்கள். கழுத்து வலிக்கிறது என்கிறவர்கள் பாதிப் பேர் தொளதொளவென்று பெரிய சைஸ் வாங்கியவர்கள். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் கன்னத்துச் சதையும் கூடவே அசைய வேண்டும், அதுதான் சரியான அளவு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். நாடாவை மாட்டாமல் போட்டால் முதல் அடியிலேயே கழன்று ஓடிவிடும். ஒரு தடவை பலமாக அடி வாங்கியதை மறுபடி போடவும் கூடாது. அடியைத் தாங்குகிற, உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான பகுதி நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பின் சீட்டில் போவது பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புடவைத் தலைப்பு, துப்பட்டா இரண்டையும் இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருங்கள். நாலு வயசுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் சட்டப்படி வேண்டும். அதற்குக் கீழே ஒன்பது மாதம் வரையுள்ள குழந்தை என்றால் ஹெல்மெட்டோடு பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது விதி.

தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடக்கக் கூடாத 14 வேகங்களில் நித்திரையும் ஒன்று என்று படித்தவன் நான். படித்தும் புத்தி வரவில்லை! 1996-ல் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து டி.வி.எஸ். 50-ல் பாளையங்கோட்டைக்குத் திரும்புகிறேன். மத்தியானம் இரண்டு மணி வெயில், வயிறு நிறைய பாயசம். கயத்தாறு தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது முள்செடி. கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன்! வண்டி தானாகத் தார் ரோட்டை விட்டு இறங்கியிருக்கிறது. 35 வேகம்தான், எதிரே லாரி இல்லை. முழங்கை சிராய்ப்போடு தப்பினேன். எதிரே ஒரு லாரி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

ஆகவே தூக்கம் கெட்ட மறுநாள், விருந்துச் சாப்பாட்டுக்குப் பின், எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள், இந்த மூன்றிலும் நீண்ட தூரம் வண்டி ஓட்டாதீர்கள். சளிக்குச் சாப்பிடுகிற மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை. எங்கள் மருந்திலும் உண்டு, தூக்கத்துக்கென்று சாதிக்காய் சேர்ந்த மருந்து தந்தால் அது ராத்திரிக்கு மட்டும்தான். டாக்டர் யாராக இருந்தாலும், "இதைச் சாப்பிட்டு வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டுவிடுங்கள். மதுவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. குடித்தால் சாவியைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி விழுந்த பிறகு. இதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அடிபட்டவர் மயக்கமாக இருந்தால் சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தை மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். உதவி செய்தவரைச் சாட்சியாக வரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019-லேயே சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் அரசு ஒரு திட்டமே கொண்டு வந்தது. பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

சில வருஷம் முன்பு ஓர் இளைஞர் தலைவலிக்குப் பற்றுப் போட வந்தார். நீர்க்கோர்வை என்று அவராகவே முடிவு செய்திருந்தார். நாடி பார்த்தபடி, "சமீபத்துல எங்கேயாவது விழுந்தீங்களா தம்பி?" என்றேன். "முந்தாநாள் பைக் வழுக்கிச்சு சார். அடி ஒண்ணும் இல்லை, நானே எழுந்து வண்டி ஓட்டிட்டு வந்துட்டேன்" என்றார். காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். பற்றும் போடவில்லை, வர்மமும் தொடவில்லை. அப்படியே ஆட்டோ வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்கேனில் மண்டைக்குள் ரத்தக்கட்டு. அன்று ராத்திரியே ஆபரேஷன், பிழைத்துக்கொண்டார். தலையில் அடிபட்டவர் எழுந்து நடப்பார், பேசுவார், காபிகூடக் குடிப்பார். அதன் பிறகும் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். அதிகமாகும் தலைவலி, வாந்தி, குழறும் பேச்சு, எழுப்ப எழுப்ப அசந்து போகும் தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த வைத்தியரையும் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதும் அப்படியே. எங்கள் முறையில் கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பத்தொன்பது வயசுப் பையன் என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறான். பைக் விபத்தில் முன்கை முறிந்து, எக்ஸ்ரேகூட எடுக்காமல் எங்கேயோ இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வலிக்கிறது என்று கதறியவனிடம், "அப்படித்தான் வலிக்கும், பொறுத்துக்கோ" என்றார்களாம். மூன்றாம் நாள் என்னிடம் வந்தபோது விரல்கள் கறுத்திருந்தன. கையைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டுக்குக் கீழே விரல் நீலமானால், மரத்துப் போனால், விரலை நீட்டினாலே உயிர் போகிற வலி வந்தால், நிமிஷம் தாமதிக்காமல் கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எக்ஸ்ரே முதலில், தைலம் பிற்பாடு. என் சக வைத்தியர்கள் சிலருக்கு இதில் வருத்தம் வரலாம், வரட்டும்.

அந்தத் தம்பதியிடம் நாலு கேள்வி கேட்டேன். காலேஜ் எவ்வளவு தூரம்? ஒன்பது கிலோமீட்டர், நெடுஞ்சாலை வழி. டவுன் பஸ் உண்டா? வீட்டு முனையிலிருந்தே உண்டு. பின்னே பைக் எதற்கு? சாயங்கால வகுப்பு முடிந்து வர பஸ் இல்லை. அந்த வகுப்பு எங்கே? ஊருக்குள்ளேயே, மூன்று கிலோமீட்டர். பாருங்கள், பிரச்னை பாதியாகிவிட்டது! காலேஜுக்கு பஸ், வகுப்புக்கும் கடைகண்ணிக்கும் வண்டி, நெடுஞ்சாலையில் ராத்திரிப் பயணம் கிடையாது, லைசென்ஸ் கையில் வந்த பிறகுதான் சாவி. வண்டியும் 110 சி.சி. போதும். 125-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், சின்ன வண்டிகளிலும் 2019-லிருந்து இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற வசதி வந்துவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் எதுல வந்தீங்க?" என்று கேட்டேன். ஸ்கூட்டரில். ஹெல்மெட் ஒன்றே ஒன்று, அதுவும் டிக்கிக்குள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, பையன் வெளியே போனா நீங்க எத்தனை தடவை போன் பண்ணுவீங்க?"

"ஒரு மூணு நாலு தடவை... எங்கே வர்றான்னு தெரிஞ்சுக்கத்தான்."

"அவன் ஓட்டிட்டு இருக்கும்போதே எடுத்துப் பேசினா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி டாக்டர், இனிமே நான் பண்ணலை. போய்ச் சேர்ந்ததும் அவன் பண்ணிடணும். பண்ண மறந்தா மறுநாள் சாவி கிடையாது" என்றார்.

போன வாரம் மருந்துக்கு வந்தபோது சொன்னார்கள். 110 சி.சி. வண்டிதான் வாங்கினார்களாம். பையனுக்கு இன்னும் கொஞ்சம் கோபமாம். ஹெல்மெட் மட்டும் மூன்று வாங்கியிருக்கிறார்கள்.