எம்சிபி விழவில்லை, காயில் எரிந்தது

கேள்வி: எங்கள் கிணற்றில் 10 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். நேம் பிளேட்டில் 15 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்சிபி இருக்கிறது. ஓவர்லோடு ரிலேயும் 15-ல்தான் இருக்கிறது. ஆனாலும் காயில் எரிந்துவிட்டது. ஒரு பேஸ் காயில் மட்டும் கருகியிருப்பதாக ரீவைண்டிங் கடையில் சொன்னார்கள். என்ன காரணம்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: கடைக்காரர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. லைனில் ஒரு பேஸ் போன பிறகும் மோட்டார் டெல்டாவில் ஓடிக்கொண்டே இருந்தால், ஒரு செட் காயில்தான் கருகும். ஸ்டாரில் ஓடும் மோட்டார் என்றால் இரண்டு செட் கருகியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருந்தால் போதும்.

அப்போது முழு லோடில் மிச்சமுள்ள இரண்டு லைனிலும் சுமார் 26 ஆம்பியர் ஓடும். 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதன் வேலை ஷார்ட் சர்க்யூட்டில் கேபிளைக் காப்பது. மோட்டாரைக் காக்க வேண்டியது ரிலே.

கோளாறு அங்கேதான். பெரும்பாலான ஸ்டார்-டெல்டா பெட்டிகளில் ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே, டெல்டா வளையத்துக்குள் இருக்கும். அதன் வழியே லைன் கரண்டில் 58 சதவீதம்தான் போகும். உங்கள் 15 ஆம்பியருக்கு ரிலேயில் வைக்க வேண்டியது ஏறக்குறைய 8.7. நேம் பிளேட் எண்ணை அப்படியே டயலில் வைப்பது மெக்கானிக்குகள் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ஒரு பேஸ் போனதும் அந்த ஒரு காயிலில் மட்டும் இரண்டு மடங்கு, அதாவது சுமார் 17 ஆம்பியர். சூடு நாலு மடங்கு! 8.7-ல் வைத்த ரிலே சில நிமிடத்தில் விழுந்திருக்கும். 15-ல் வைத்ததற்கோ 17 என்பது லேசான ஓவர்லோடுதான். அது விழுவதற்குள் இன்சுலேஷன் போய்விடும்.

புதுக் காயில் கட்டியதும் டயலைக் குறையுங்கள். அவ்வளவு கீழே இறங்காத ரிலே என்றால் ரேஞ்ச் பொருந்துவதாக வாங்கி மாற்றுங்கள். ரிலே மெயின் லைனிலேயே இருந்தால் மட்டும் 15 சரி. எலக்ட்ரீஷியனிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூடவே ஒரு சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் போட்டுவிடுங்கள். ராத்திரி கரண்டுக்காக ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தால் ரிலேயை மேனுவல் ரீசெட்டில் வையுங்கள். இல்லையென்றால், சூடு ஆறாத மோட்டாரை நீங்கள் தூங்கும்போது அது மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும்.

8.7-லும் ரிலே அடிக்கடி விழுந்தால் டயலை ஏற்றாதீர்கள். கிளாம்ப் மீட்டரில் மூன்று லைனையும் பாருங்கள்: மூன்றும் 15-க்கு மேல் என்றால் பேரிங்கோ, இம்பெல்லரோ, குறைந்த வோல்டேஜோ காரணம்.