உறையூரின் உடைந்த ஓடுகள்

ஜப்பான் நாட்டில் தோகோனாமே என்ற ஊர் மண்பாண்டத் தொழிலுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. அங்குள்ள சந்துகளில் பழைய மண்குழாய்களையும் ஜாடிகளையும் அடுக்கியே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவே பலர் செல்கின்றனர். நம் திருச்சியிலும் பழைய பானைகளுக்குப் புகழ்பெற்ற இடம் உண்டு. ஆனால் இங்கே அவை சுவரில் இல்லை. தெருவுக்கு அடியில் இருக்கின்றன. அதுவே உறையூர்.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து, சத்திரம் பேருந்து நிலையம் வந்தால் உறையூர் அருகில்தான். நாச்சியார் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. இது சங்ககாலச் சோழரின் தலைநகர் என்று சொன்னால்தான் தெரியும்.

1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழாய்வு செய்தனர். கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், தமிழ் பிராமி எழுத்துக்கள் கீறிய ஓடுகளும், இத்தாலி நாட்டுக் கலங்களின் ஓடுகளும், செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டியும் கிடைத்தன.

ஒரே பானையில் இரு நிறம் எப்படி வந்தது? சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்தன. காற்றுப் பட்ட வெளிப்புறம், மண்ணிலுள்ள இரும்புச் சத்தினால் சிவந்தது. நாம் வேதியியலில் படிக்கும் ஆக்சிஜனேற்றத்தை அக்காலக் குயவர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

உறையூரின் மெல்லிய துணி கடல் கடந்து ரோமாபுரி வரை புகழ் பெற்றது. ஆனால் துணி மட்கிவிடும், ஓடு மட்காது. ஆகவே அரசர் வாழ்வை மட்டுமன்றி, சோறு சமைத்தவர், சாயம் தோய்த்தவர், தம் பாண்டத்தில் பெயர் எழுதியவர் ஆகியோரின் வாழ்வையும் ஓடுகளே நமக்குச் சொல்கின்றன.

தோழியரே, ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஓட்டின் வயதைச் சொல்வது, அது கிடந்த மண் அடுக்கு. அதை எடுத்து வந்து அலமாரியில் வைத்துவிட்டால் பாதி வரலாறு அழிந்துவிடும். அஸ்திவாரம் தோண்டுமிடத்தில் பழைய ஓடுகளைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். இராணி மங்கம்மாள் மண்டபத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். வீடுகள் நிறைந்த ஊரை முழுவதும் தோண்டிப் பார்க்க இயலாது. கடைக்கால் குழி ஒவ்வொன்றும் உறையூரின் வரலாற்றில் ஒரு பக்கம். படிக்குமுன் அதைக் கிழித்துவிடக் கூடாது.